நாலு மணிப் புகை

மார்ச் 3, செவ்வாய்

காற்றை அளக்கிற மிஷின் எங்கள் மொட்டை மாடிக்கு வந்து இன்றோடு ஒரு மாதம். பார்க்க பிரிட்ஜ் மாதிரி, தலையில் ஒரு தொப்பி. ராப்பகலாக உர்ரென்று காற்றை இழுக்கிறது. "உங்க குறட்டையைவிட சத்தம் கம்மிதான்" என்றேன் இவரிடம். "அதைப் பார்த்துக்க வாரம் ஒரு ஆள் வருது. என்னை யாரு பார்க்கிறா?" என்கிறார். பேச்சைப் பார்.

மிஷின் வைத்த மீட்டர் சார்தான் இந்த நோட்டைக் கொடுத்தார். "கரண்ட் போனா நேரம் எழுதி வைங்கக்கா." அது முன்பக்கம். பின்பக்கம் எனக்கு. ஐந்தாவதோடு நின்ற கை, எழுத்து கோணல்தான். ஆனாலும் ஓடுகிறது.

மார்ச் 5, வியாழன்

மீட்டர் சார் மூன்று மாடி ஏறி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "காத்தை அளக்கிறவருக்கே காத்து பத்தலையா சார்?" என்றேன். தண்ணீர் குடிக்கும்போது புரையேறிவிட்டது பாவம்.

மிஷினுக்குள் வெள்ளைத்தாள் ஒன்றைச் செருகுவார், போன வாரத்துத் தாளை எடுப்பார். வெள்ளையாகப் போனது கரிபிடித்த பாத்திரத்தைத் துடைத்த துணி மாதிரி வருகிறது.

எங்களிடம் துவைத்து இஸ்திரி போடக் கொடுக்கிற நர்ஸம்மா சீருடையோடு வந்தாள். தோள்பட்டை முழுக்கக் கருப்புத் தூள். "இஸ்திரி போட்டீங்களா, பொட்டு வச்சீங்களாக்கா?" நான் என்ன செய்ய. விடியற்காலையில் காயப் போட்டால் பின்தெருவில் பழைய இரும்பு உருக்குகிற ஆலை பொட்டு வைத்துவிடுகிறது. இரண்டு வீட்டில் வெள்ளைத் துணி தருவதையே நிறுத்திவிட்டார்கள். வெள்ளை போனால் எங்கள் பிழைப்பில் பாதி போச்சு. நாலு முறை மனு கொடுத்துத்தான் இந்த மிஷினே வந்தது.

மார்ச் 14, சனி

காய்ச்சல். இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. இவருக்கும் கை சுளுக்கு. கடை மூடல்.

மார்ச் 15, ஞாயிறு

அதேதான். இவர் ஒற்றைக் கையால் சமைத்தார். காய்ச்சலே தேவலாம்.

மார்ச் 27, வெள்ளி

சார் முகம் இன்று பல்ப் போட்ட மாதிரி. மிஷின் மணிக்கு மணி எடுத்த கணக்கை வரைந்த ஒரு நீளத் தாளை விரித்தார். ஒரு கோடு படுத்துக்கொண்டே போகிறது, திடீரென்று எழுந்து நிற்கிறது. விடிகாலை ஐந்துக்கு ஒரு மலை. சாயந்தரம் நாலுக்கு ஒரு மலை, ஊசி மாதிரி.

"ரெண்டு வேளையும் மாட்டிக்கிட்டாங்கக்கா. வியாழக்கிழமை அறிக்கை கொடுக்கப்போறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். வழியில் போகிறவனைக் கூப்பிட்டுச் சொல்லலாம் போல.

"இந்தப் பதினாலு, பதினஞ்சுல மட்டும் நாலு மணிக்கு ஒண்ணுமில்ல. சனி ஞாயிறு, லீவு விட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற சனி ஞாயிறில் மலை இருக்கிறதே?

மார்ச் 28, சனி

ஐயோ. நான்தான்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பதினாலு, பதினைந்து. காய்ச்சல், கடை மூடல்.

மத்தியானம் வரைக்கும் துணி சேகரிப்பு. நாலு மணிக்குத்தான் மாடியில் பெட்டிக்குக் கரி பிடிப்பது, பற்றவைத்துக் கனல விடுவது. கீழே பிடித்தால் வீடெல்லாம் நெடி, மாடியில் காற்று நன்றாக வீசும். காகிதம், ஒரு சொட்டு மண்ணெண்ணெய், விசிறி. பத்து நிமிஷம். மிஷின் அங்கிருந்து ஆறடி.

வந்த முதல் நாளே சார் கேட்டாரே, "மாடியில ஏதாவது எரிப்பீங்களாக்கா?" "சேச்சே, அதெல்லாம் கிடையாது சார்." நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், பொய் சொல்லணும்னு சொல்லல. நல்ல கரி புகையாது, கனலும். இருபத்தாறு வருஷமா அப்படித்தானே நினைச்சிட்டிருக்கேன். புகைன்னா ஆலைக்குழாயில வர்றதுதானே புகை?

மார்ச் 29, ஞாயிறு

சார் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார் என்று எனக்கு நானே ஒரு சாக்கு. போன் என்ன செத்தா போச்சு?

இவரிடம் சொன்னேன். சும்மா இருந்துவிட்டால் என்ன, ஆலை மேல் இன்னொரு பழி, அவ்வளவுதானே என்றும் கேட்டேன். கேட்டேன், ஒத்துக்கொள்கிறேன். இவர் சட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நாலு மணிக்கு அங்க ஷிப்ட் மாறும், உலை அணைஞ்சிருக்கும். அதை அந்த மேனேஜர் காட்டினான்னா அறிக்கையே பொய்னு ஆயிடும். காலைப் புகையும் சேர்ந்து தப்பிச்சுக்கும்."

பேசாத மனுஷன் பேசினால் இப்படித்தான்.

மார்ச் 30, திங்கள்

வரவழைத்துச் சொன்னேன். பெட்டியைக் கொண்டுவந்து கரி பிடித்தே காட்டினேன். சார் மிஷினின் பக்கவாட்டில் இருந்த சின்னத் திரையில் நம்பரைப் பார்த்தார். ஏறியது, ஏறியது, இன்னும் ஏறியது. படியில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு மாச உழைப்புக்கா" என்றார். நான் பெட்டிக் கனலைத் தண்ணீர் தெளித்து அணைத்தேன்.

எழுந்து போகும்போது சொன்னார்: "மூணு வாரம் தவணை கேட்கிறேன். இந்த மாடியில ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது."

ஏப்ரல் 4, சனி

மூன்று தெரு தள்ளி நாத்தனார் வீட்டுக் கொல்லையில் கரி பிடித்து, கனலும் பெட்டியை இவர் தூக்கி வருகிறார். நான் முன்னால் "வழி, வழி" என்று கத்திக்கொண்டு. தெருவே வேடிக்கை பார்க்கிறது. "என்ன அண்ணி, ஊர்வலமா?" என்று நாத்தனாருக்கு ஒரே சிரிப்பு. வருவதற்குள் பாதிச் சூடு போய்விடுகிறது. போகட்டும்.

ஏப்ரல் 18, சனி

சார் தாளை விரித்தார். நாலு மணி படுத்துவிட்டது. ஐந்து மணி மலை அப்படியே, ஒரு நாள் தவறாமல். அத்தனை நாளைக்கும் விரல் வைத்து எண்ணினேன்.

ஏப்ரல் 23, வியாழன்

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கூட்டம். ஏசி அறை, குளிரில் பல் கிட்டித்தது. சார் பழைய தாள், புதிய தாள் இரண்டையும் வைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஆலை மேனேஜர் சிரித்தார். "ஒரு அம்மாவோட இஸ்திரிப் பெட்டியை ஆலைனு நினைச்ச மிஷின் சார் இது. இதை வச்சா எங்க மேல நடவடிக்கை எடுப்பீங்க?"

என்னைப் பேசச் சொல்லவில்லை. ஆனால் வாய் என் பேச்சை என்றைக்குக் கேட்டது. எழுந்தேன். "ஆமா சார், என் பெட்டிதான். கைப்பிடிக் கரி, பத்து நிமிஷம். அதையே விடாம பிடிச்சிருக்கு பாருங்க. இந்த மிஷினா உங்க உலையை விட்டுடும்?"

கூட்டத்தை நடத்திய அதிகாரியம்மா குனிந்து எழுத ஆரம்பித்தார். வெகுநேரம் எழுதினார்.

மே 12, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. புகைக்குழாய்க்குத் தூசி வடிகட்டி போடுகிறவரை காலை உலை பற்ற வைக்கக் கூடாதாம்.

ஜூன் 30, செவ்வாய்

மிஷினைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். ஊருக்கு அந்தப் பக்கம், சாயப்பட்டறைகள் இருக்கிற தெருவுக்குப் போகிறதாம். சார் படியிலேயே உட்கார்ந்து, மிஷின் வைக்கும்முன் வீட்டுக்காரர்களிடம் கேள்வி கேட்கிற படிவத்தை எடுத்தார். "அக்கா, உங்களை எப்படிக் கேட்டிருந்தா பெட்டியைச் சொல்லியிருப்பீங்க?"

யோசித்தேன். "எரிப்பீங்களானு கேட்டா யாருமே இல்லைனுதான் சொல்லுவோம் சார். காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன வேலை செய்வீங்கன்னு கேளுங்க. எங்களை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை, நிறுத்தாம சொல்லுவோம்."

பழைய கேள்வியை அடித்துவிட்டு இதை எழுதிக்கொண்டார். "நாளன்னிக்கு அங்க வர்றீங்களா? நீங்களே கேளுங்க."

ஜூலை 2, வியாழன்

போனோம். புது வீட்டுக்காரம்மா என்னைவிட வாயாடி. சார் முதலில் ஆசைக்கு ஒரு முறை பழையபடி கேட்டுப் பார்த்தார். "சேச்சே, இங்க எதையும் எரிக்கிறதில்ல." சார் என்னைப் பார்த்தார். நான் மாடிச் சுவரில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, காலையிலிருந்து என்னென்ன வேலைம்மா என்று ஆரம்பித்தேன். எழுந்தாள், துவைத்தாள், பிள்ளைகளை அனுப்பினாள், மாமியாரைத் திட்டினாள். ரொம்ப நேரம் திட்டினாள். நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ரெண்டு மணிக்கு இங்கதான் உட்கார்ந்து மெழுகு உருக்குவேன். கடைக்கு மெழுகுவர்த்தி போடணுமில்ல?"

சார் பேனா மூடியைக் கழற்றினார்.