ஜாபு கை வைத்த தட்டு

மேல் காம்பியா,
வியாழக்கிழமை

அன்புள்ளவருக்கு,

இளைஞர் சங்கத்தோடு நான் வீடு வீடாகப் போய்ச் சமத்துவம் பேசினால் யார் மனம் மாறும் என்று பாரிஸிலிருந்து கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை.

ஜாபுவின் முன்னோர் நம் குடும்பத்தின் அடிமைகள். அதனால் நம் வீட்டுக் கல்யாணங்களில் அவள் சமைக்க வேண்டும், விருந்தில் உட்காரக் கூடாது. சங்கத்தில் சேர்ந்தபின் சமைக்க மறுத்துவிட்டாள். உங்கள் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நான் அவளை விருந்தாளியாக அழைத்தேன்.

உங்கள் அண்ணன் வாசலில் நின்று கத்தினார். "அப்போ நாளைக்குச் சோறு யாரு கிளறுவா? உன் காலேஜ் பட்டமா?"

"நான்தான் அத்தான். பட்டத்துக்கு ஏது கை?"

"குழைஞ்சு போனா?"

"குழைஞ்ச சோத்தால யாரும் செத்ததில்ல."

ஜாபு விருந்தில் உட்கார்ந்தால் நான் இந்த வீட்டில் இருக்க வேண்டாம் என்று நீங்கள் போனில் சொன்னீர்கள். துணிகளைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை

நேற்று எழுதியதை இன்றுதான் அனுப்புகிறேன். சோறு குழைந்துதான் போனது. ஜாபு கை கழுவிக்கொண்டு மணப்பெண்ணும் தோழிகளும் உண்ணும் பெரிய தட்டருகே உட்கார்ந்தாள். அவள் கை வைத்ததும் தோழிகள் எல்லோரும் எழுந்து போனார்கள்.

மணப்பெண் எழவில்லை. "இந்தப் பக்கம் வாக்கா, மீனெல்லாம் இங்கதான் கிடக்கு" என்றாள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி