உங்கள் தாடியும் அந்த மாஸ்க்கும்

கண்ணாடியில் ஒட்டினால்தான் உங்கள் கண்ணில் படும் என்று இங்கே ஒட்டியிருக்கிறேன்.

சாப்பாடு அடுப்பு மேல் மூடி இருக்கிறது. பின்கதவுச் சாவி ஆணியில்.

நேற்று கல் அறுத்துவிட்டு வந்து மாஸ்க்கைக் கழற்றினீர்களே, நான் பார்த்தேன். கல் தூசி படிந்து வெளியே இருந்த புருவமும் வெள்ளை, உள்ளே இருந்த மீசையும் வெள்ளை. பிறகு அந்த மாஸ்க் எதற்கு, அழகுக்கா? கேட்டால், "நல்லா இறுக்கித்தானே கட்டியிருக்கேன்" என்கிறீர்கள். எவ்வளவு இறுக்கினாலும் தாடி மேல் அது படியாது, இடுக்கு வழியே தூசி போகும் என்று மாஸ்க் விற்ற கடைக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார். நீங்களும் தலையாட்டினீர்கள். வீட்டுக்கு வந்ததும் சீப்பெடுத்துத் தாடியை வாரினீர்கள்! ஓட்டைக் குடத்துக்கு மூடி தேடிய கதைதான்.

மாடிப்படியில் பாதியில் நின்று, செருப்பைச் சரிசெய்வது போல் குனிந்து இருமுகிறீர்கள். எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

புது பிளேடு சோப்புப் பக்கத்தில் இருக்கிறது. மழித்த பிறகு புது மாஸ்க்கைப் போட்டு, இரண்டு கையாலும் பொத்தி ஊதிப் பாருங்கள். மூக்கோரம் காற்று வந்தால் மாஸ்க்கின் மேல் விளிம்பில் இருக்கும் கம்பியை அழுத்துங்கள்.

பி.கு.: "தாடி உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்று கல்யாணமான புதிதில் சொன்னவள் நான்தான். அதற்காகத்தான் இந்தப் பிடிவாதம் என்றும் தெரியும். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று: ஆறு மணிக்கு வருவேன். மழித்த முகத்தோடு கதவைத் திறங்கள். அடையாளம் தெரியாவிட்டாலும் உள்ளே வருவேன்.