செந்தூராவும் சகலையும்

மே 18, திங்கள்

வெயில். கம்பெனி பஸ்ஸின் கூரையில் தோசை ஊற்றியிருந்தால் ஓசூர் போவதற்குள் முறுகியிருக்கும். ஏ-ஷிப்ட். செருப்பு வார் அறுந்தது.

மாலை மச்சான் பழனி போன். அவர் மகள் ரேவதிக்குக் கல்யாணமான பின் முதல் மாம்பழக் காலம். மாமியார் வீட்டுக்குச் சீர்க்கூடை போக வேண்டும்.

"மாப்ளே, முனிரத்தினம் தோட்டத்துப் பழத்தையே அனுப்பிடலாம்னு இருக்கறேன்."

முனிரத்தினம் என் சகலை. என் லட்சுமியின் தங்கையைக் கட்டியவன். நேற்றைய மழைக்கு முளைத்த தோட்டம் அவனுடையது. குந்தாரப்பள்ளியில் என் செந்தூரா மாமரங்களைக் கண்டால் தேவேந்திரனே யானையை நிறுத்தி இறங்கிக் கும்பிடுவான்.

"எங்க பழத்தையும் ஒருக்கா பாத்துட்டு முடிவு பண்ணுங்க மச்சான்."

சனிக்கிழமை இரண்டு கூடையும் அவர் வீட்டுக்கு. அங்கே தீர்ப்பு.

பொறாமை எல்லாம் இல்லை. குடும்ப கௌரவம்.

மே 19, செவ்வாய்

காய் முற்றவில்லை. பறித்துவிட்டேன். பழுக்க வைக்கும் கல் வாங்கி, காகிதத்தில் மடித்துக் கூடைக்குள். ஊரே வைக்கிறது.

லட்சுமி பார்த்துவிட்டாள். "இந்த வருசம் நம்மளது லேட்டுன்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்களேன்."

"எனக்கென்ன அவன்மேல பொறாமையா?"

"நான் அந்தப் பேச்சே எடுக்கலியே."

மின்விசிறி சத்தம் போடுகிறது. எண்ணெய் விட வேண்டும்.

மே 22, வெள்ளி

கூடை திறப்பு விழா. கோலார் சுரங்கத்தில் தங்கம் ஏன் தீர்ந்தது என்று இன்றுதான் புரிந்தது. எல்லாம் என் கூடையில்.

ஒன்று அறுத்தேன். வாசனை இல்லை. கொட்டைப் பக்கம் வெள்ளை. புளிப்பு. உதடு அரிப்பு.

நாக்குதான் சரியில்லை. மதியம் தின்ற ஊறுகாய்.

மே 23, சனி

சாமல்பட்டி. மச்சான் வீடு. முனிரத்தினத்தின் பழங்கள் சிறிசு, மேலெல்லாம் கரும்புள்ளி. ஆனால் வாசனை தெரு முனையிலேயே என் சட்டையைப் பிடித்தது.

என் கூடையைத் திறந்ததும், "அடேயப்பா!"

முனிரத்தினமே சொன்னான்: "அண்ணா, உங்களுது என்னா பளபளப்பு! இதுவே போகட்டும்." மனசார. அதுதான் தாங்கவில்லை.

யாரும் ருசிகூடப் பார்க்கவில்லை. உலகம் என் காலடியில்.

ரேவதி கூடையைத் தூக்கினாள். "அத்தைக்கு மாம்பழம்னா உசுரு மாமா. எங்க மாமா தோட்டத்துதுன்னு சொல்லி நானே அறுத்துக் குடுக்கப் போறேன்."

புது வீடு. அந்த மாமியார் அம்மாள் வாயில் வைப்பாள். பிறகு இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பாள்.

"வெச்சிடு கண்ணு. கல்லு வெச்சது. வாய் வெந்துடும்."

ரேவதி கூடையைக் கீழே வைத்தாள்.

மச்சான்: "ஏன் மாப்ளே?"

வெயில், காற்று, கம்பெனி வேலை என்று காரணங்கள் வரிசையில் நின்றன. "பொறாமை மச்சான்" என்றேன். என் காதுக்கே புதுச் செய்தி.

லட்சுமி கூரையைப் பார்த்தாள். முனிரத்தினம், "எம்மேலயா? நெசமாவாண்ணா?" முகத்தில் ஒரு பூரிப்பு. அதற்கும் வயிறு எரிந்தது.

அவன் கூடை போனது.

மே 24, ஞாயிறு

மேகமூட்டம். செருப்பு தைத்தாயிற்று. என் பழத்தையெல்லாம் குழி தோண்டிக் கொட்டியாயிற்று.

முனிரத்தினம் ஒரு பை பழம் கொடுத்தனுப்பினான். சொல்லிவிட்டதால் பொறாமை போய்விட்டதா என்று பார்க்க ஒன்று தின்றேன். போகவில்லை. இன்னொன்று தின்றேன். ஏதாவது குறை இருக்கும் என்று மூன்றாவது.

இல்லை. படுபாவி.