கழுகுக்கு என் மூக்கு

இன்று டென்மார்க்கின் ஹேர்னிங் நகர நூலகத்தில், கழித்துவிட்ட புத்தகங்களை அடுக்கி வைக்கும் மேசையில், அந்தத் தடித்த படப் புத்தகத்தைக் கண்டேன். நாம் மாறி மாறி இரவல் எடுத்தது இதைத்தான், ஒருமுறை நீர் தேநீர் சிந்தியதும் இதில்தான். கறை அப்படியே இருக்கிறது. என் கை நேராகக் கழுகுகள் இருக்கும் பக்கத்துக்குப் போனது. நீர் செத்துப்போய் நாலு மாதமாகியும் உம்மேல் இருந்த கோபம் தணியவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் படங்களை வரைந்த அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் உமக்குக் கடவுள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஆள். நகரத்தையே சுரண்டிய ஒரு அரசியல் தலைவனையும் அவன் கூட்டத்தையும் பாறைமேல் குந்தியிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகளாக வரைந்து, வாரப் பத்திரிகை ஒன்றை வைத்துக்கொண்டு அவர்களைக் கவிழ்த்தவர். சிறையிலிருந்து தப்பி ஸ்பெயினுக்கு ஓடிய அந்தத் தலைவனை அங்கே காட்டிக்கொடுத்ததும் இவர் வரைந்த படம்தான். நாம் வேலை செய்த துணி ஆலையின் சாப்பாட்டு அறையில் இந்தக் கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பீர். "வாசிக்கத் தெரியாதவனுக்கும் படம் விளங்கும் ஐசே. அதுதான் பெரிய ஆக்களுக்குப் பயம்" என்பீர். கப்பலில் வந்திறங்கிய ஐரிஷ் ஏழைகளை அவர் குரங்குகளாக வரைந்த பக்கத்தைக் காட்டி, "இவரும் கப்பலில வந்த ஆள்தானே, இது என்ன நியாயம்?" என்று ஒருநாள் கேட்டேன். "அது பிழைதான். ஆனா கோட்டைப் பாரும், என்ன கோடு" என்றீர். நானும் கோட்டைத்தான் பார்த்தேன். உம்மை அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும்.

நம் தமிழ்ச் சங்கத்து இதழுக்கு நீர் படம் கீறுவீர், நான் எழுதுவேன். போட்டோக்கொப்பி எடுத்து, எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து இருவருமாகப் பின் அடிப்போம். அந்த நாட்களில் என் சொந்த அண்ணனைவிட நீர் எனக்குக் கிட்ட.

ஈழத்தில் போர் முடிந்த அந்த மே மாதம், காலை வேலை முடித்து உம்முடைய காரில் வந்துகொண்டிருந்தோம். வானொலியில் செய்தி வந்ததும் வீதியோரம் நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதீர். "முடிஞ்சுது ஐசே. எல்லாம் முடிஞ்சுது. சனத்துக்கு உண்மையைச் சொல்லவேணும், இனியும் ஏமாத்தக்கூடாது" என்றீர். நான் "ஓம்" என்றேன். நான் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

அந்த ஞாயிறு நடந்த சங்கக் கூட்டத்தில், எல்லாம் பொய்ச் செய்தி, இயக்கப் பெடியள் திரும்பி வருவாங்கள் என்று ஆளுக்காள் அடித்துச் சொன்னார்கள். நீர் எழும்புவீர் என்று பார்த்தேன். நீர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தீர். நான் தொடங்கினால் நீர் சேர்ந்துகொள்வீர் என்று நினைத்து, நானே எழும்பி, முடிந்துவிட்டது என்று சொன்னேன். மண்டபம் கொதித்தது. "ஆர் உமக்கு இதைச் சொன்னது?" என்று செயலாளர் கேட்டார். உம் பக்கம் ஒருதரம் பார்த்தேன். நீர் நிமிரவில்லை. "ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் சொல்லுறன்" என்றேன்.

அடுத்த இதழில் உம்முடைய படம் வந்தது. எங்கள் சனத்தின் பிணக்குவியல். அதன்மேல் ஒரு கழுகு. கழுகுக்கு என் மூக்கு, என் மூக்குக்கண்ணாடி, வகிடெடுத்த என் தலைமயிர். கீழே 'துரோகி' என்று ஒரு சொல். இங்கே பிறந்த என் மகளுக்கு அப்போது எட்டு வயது, தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. மேசையில் கிடந்த இதழைப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்களை ஏன் பறவையாகக் கீறியிருக்கிறார்கள்?" என்று டேனிஷில் கேட்டாள். அவ்வளவு நன்றாகக் கீறியிருந்தீர்.

ரண்டர்சிலிருந்த மைத்துனர் அன்றைக்குத் தொலைபேசியை வைத்தவர், ஐந்து வருடம் எடுக்கவில்லை. கோயிலில் என் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பித் தள்ளிப் போய் இருந்தார்கள். மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு தமிழ்ப் பிள்ளையும் வரவில்லை. மிஞ்சிய கேக்கை நாங்கள் மூவரும் ஒரு கிழமையாகச் சாப்பிட்டோம்.

இப்போது எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள், அப்பவே முடிஞ்சுதுதானே என்று. என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. நீரும் சொல்லவில்லை. கடையில் கண்டால் "எப்பிடி, சுகமே?" என்று கேட்டுவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்கப் போய்விடுவீர். உம் இறுதிச் சடங்கில் ஒருவர், "பயமில்லாமல் உண்மையைக் கீறின மனுசன்" என்று பேசினார். கையில் பூவோடு கடைசி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீர் பயந்தீர் என்பது எனக்கு விளங்கும். அடுத்ததாக உம்மைத்தான் கேட்பார்கள் என்று முந்திக்கொண்டீர். பயந்த மனிதனை நான் மன்னித்துவிடுவேன். ஆனால் காரில் முதலில் சொன்னது நீர்தான் என்று நான் வாய் திறந்திருந்தால், உம் கதை அன்றோடு சரி. நான் திறக்கமாட்டேன் என்று உமக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. உலகத்தில் யாரையும் நம்பாத நீர் என்னை அவ்வளவு நம்பினீர். அந்த நம்பிக்கையில்தான் பேனையை எடுத்தீர். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த நம்பிக்கையை நான் இன்னும் கெடுக்கவில்லை. காரில் நடந்ததை மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. இதை எழுதிவிட்டு இப்போது மேலிருந்து வாசித்துப் பார்க்கிறேன். ஓரிடத்திலும் உம் பெயரை எழுதவில்லை.