பொட்டுவை அத்தான் தூக்கும் விதம்

என் ஆசை அக்கா சரசுவுக்கு,

நீ போன பிறகு உன் வீட்டில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் சொல்ல? பொட்டுவைப் பற்றித்தான். அத்தானைப் பற்றியும்தான்.

பொமரேனியன் தாய்க்கும் டேஷ்ஹண்ட் தகப்பனுக்கும் பிறந்த உன் நாய், இரண்டு பக்கத்துப் பிடிவாதத்தையும் சேர்த்து வாங்கி வந்தவள் என்று சொல்லிச் சிரிப்பாய். தாயின் புசுபுசு முடி, தகப்பனின் நீள முதுகு, குட்டைக் கால். தெருவில் சைக்கிள் போனாலும் குரைப்பாள். உனக்குத் தலைவலி என்றால் மட்டும் கால்மாட்டில் சத்தமில்லாமல் சுருண்டுகொள்வாள்.

நீ அவளை வளர்த்த அழகு இப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிகிறது. நம் ஊர் வெயிலில் தார் ரோடு ஆறும்வரை வெளியே விடமாட்டாய். தினமும் முடியைச் சீவி, காதைத் துடைத்துவிடுவாய். கோழியை உப்பில்லாமல் வேகவைத்து, அதையும் அளவாகத்தான் வைப்பாய். "இவ குண்டானா முதுகு தாங்காதுளா" என்பாய். கட்டிலில் ஏறி இறங்க ஒரு சரிவுப் பலகையும் போட்டு வைத்திருந்தாய்.

காரியம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட அன்று யாரோ அந்தப் பலகையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது எதற்கென்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. பொட்டு உன் கட்டிலில் தாவி ஏறுவதும் குதிப்பதுமாக இருந்தாள். உன்னைத் தேடினாளோ என்னவோ. ஒரு நாள் காலையில், குதித்தவள் வீறிட்டுக் கத்தினாள். பின்னங்கால்கள் இரண்டும் ஈரத்துணி போலத் தரையில் இழுபட்டன.

அத்தான் அவளைத் தூக்கி அதுவரை நான் பார்த்ததில்லை. "அது ஒங்க அக்கா பாடு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரிப்பவர்தானே. அன்று அவர்தான் அவளை ஒரு அட்டையில் கிடத்தி ஆட்டோவில் ஏறினார். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் வட்டு நழுவி நரம்பை அழுத்துகிறது என்றார் கால்நடை டாக்டர். மருந்து கொடுத்து, ஒரே இடத்தில் அடைத்து, அசையாமல் வைத்திருக்க வேண்டும். நடப்பாளா என்று கேட்டதற்கு, இப்போது சொல்ல முடியாது என்றுவிட்டார்.

அத்தானின் தம்பி சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்தார். "வயசான காலத்துல ஒமக்கு எதுக்குண்ணே இந்தப் பாடு? ஒரு ஊசியப் போட்டு முடிச்சிர வேண்டியதுதான" என்றார்.

அத்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "படுத்துக் கெடக்கவங்களப் பாத்து எனக்குப் பழக்கம்தாம்ல" என்றார்.

நீ படுக்கையில் கிடந்த நாட்களைத்தான் சொன்னார், அக்கா.

துறைமுகத்தில் அத்தனை வருடம் கிரேன் ஓட்டிய கை. ஒரு கையை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கையை இடுப்புக்குக் கீழே கொடுத்து, முதுகு வளையாமல் அவளைத் தூக்குவதைப் பார்க்க வேண்டுமே நீ. அவளால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியவில்லை. அடிவயிற்றை எப்படி அமுக்கிவிடுவது என்று டாக்டரிடம் கேட்டுப் பழகிக்கொண்டார். "கொஞ்சம் பொறுளா. இந்தா, முடிஞ்சிட்டு" என்று உன்னிடம் பேசிய அதே குரலில் பேசுவார். புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பார். அவளும் லேசுப்பட்டவளா? அத்தனை வலியிலும் ஒரு தடவை பல்லைக் காட்டவில்லை. அவர் விரலை நக்கிக்கொடுப்பாள்.

முதலில் வால் அசைந்தது. பிறகு ஒரு நாள், நான் அடுப்படியில் இருந்தபோது வாசலில் மீன்காரரின் ஹாரன் கேட்டது. பொட்டு குரைத்தாள். கூடவே அத்தானின் சத்தம்.

"ஏளா சரசு, இங்கன ஓடியா. எந்திரிச்சி நிக்கா பாரு."

கரண்டியோடு ஓடிவந்து நிலைப்படியில் நின்றேன். என்னைப் பார்த்ததும்தான் அவருக்கு நினைவு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதும் கண் கலங்காமல் நின்ற மனுசன், தோள் குலுங்க அழுதார். பொட்டு பின்னங்கால் தள்ளாட நடந்துபோய் அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் உள்ளே போய்விட்டேன். உன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட அவருக்கு அப்படி ஒரு நாள் வேண்டியிருந்ததோ?

இப்போது இடுப்பைக் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறாள். படி வந்தால் நின்று அத்தானைப் பார்ப்பாள். "அண்ணாச்சி, எப்படி இருக்கா ஒங்க மக?" என்று தெருவில் கேட்பவர்களை எல்லாம் நிறுத்தி, இந்த மாதிரி நாயை எப்படித் தூக்க வேண்டும் என்று அவர் செய்து காட்டுகிறார். நீ இருந்தபோது இவ்வளவு பேசுவாரா, அக்கா?

நீ எதற்கும் கவலைப்படாதே. நான் அடுத்த தெருவில்தானே இருக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டை இனி உன் வீட்டிலேயே வைத்துக்கொள்வோம் என்று என் வீட்டில் சொல்லிவிட்டேன். அத்தானைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட விடமாட்டேன். இது சத்தியம்.

உன் இடுப்பிலேயே வளர்ந்த தங்கச்சி,
மாரி