பொட்டாசியமும் பாதிப் பாடமும்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? உன் மாமனார் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் முகம் காட்டாததற்கு நெட்வொர்க் காரணமில்லை. இடது புருவம் பாதி கருகிவிட்டது. வேறொன்றுமில்லை, பயப்படாதே. ஆய்வக உதவியாளன் என்ற கெத்தில், மாணவர்களுக்குக் காட்டுமுன் ஒத்திகையாக, கல்லூரி ஆய்வகத்தில் துளி சோடியத்தைத் தண்ணீரில் போட்டேன். புஸ்ஸென்று ஓடிக் கரைந்தது. தனிம அட்டவணையில் அதற்கு நேர் கீழே பொட்டாசியம். "ஒரே குடும்பம், ஒரே குணம்" என்று நீ வீட்டில் ட்யூஷன் எடுத்தபோது காதில் விழுந்ததை நம்பி, அதையும் குனிந்து பார்த்தபடியே போட்டேன். குப்பென்று தீப்பிடித்து வெடித்தது.

கூட வேலை செய்யும் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "கீழ போகப் போக அணு பெருசாகும்ணா. ஓரத்து எலக்ட்ரான் தூரத்துல இருக்கறதால பிடி தளர்ந்து சட்டுனு கழண்டுடும். அதான் இந்த ஆட்டம்."

இதையும் நீ சொல்லியிருப்பாய். அந்த நேரம் பார்த்துத்தான் என்னை அடுப்படிக்கு விரட்டியிருக்கிறாய்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அந்தப் பாடத்தை முழுசாகப் பதிவு செய்து அனுப்பு. நடுவில் "ஏங்க, பால் பொங்குது!" என்று நீ போடும் சத்தத்தை மட்டும் வெட்டிவிடாதே.

உன்
ஒன்றரைப் புருவக்காரன்