பீரோவை விட்டு வந்த டிஸ்க்

26.8.2024, திங்கள்

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழியாக முடிவெடுத்தேன். நாலு டிபி ஹார்ட் டிஸ்க், மூன்று. ஒரு கல்யாண வீடியோ முந்நூறு ஜிபி. ரெண்டு டிபி வாங்கினால் ஆவணியே தாங்காது. எட்டு வாங்கி அது செத்தால் ஊரில் பாதிப் பேர் கல்யாணம் ஆகாதவர்களாகிவிடுவார்கள். ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று வீட்டில், மூன்றாவது கீழ்பென்னாத்தூரில் பொன்னி அக்கா பீரோவில். திருவண்ணாமலையே பற்றி எரிந்தாலும் (மலையே நெருப்பு என்றுதானே சொல்கிறார்கள்) வீடியோ பிழைக்கும்.

6.9.2024, வெள்ளி

தமிழ்செல்வி கல்யாணம். மணப்பெண்ணை விட அவள் அப்பா சின்னசாமிதான் வீடியோவில் ஜாஸ்தி. கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் தொப்பையோடு முன்னால் வந்து, "தம்பி, என்னக் கொஞ்சம் ஒல்லியா எடுப்பா" என்கிறார்.

கேமராமேன் புகழேந்தி இன்றைக்கும் ஐந்து புது மெமரி கார்டு. பழசை அழித்துவிட்டுப் போடுடா என்றால், "மனசு வரலண்ணா" என்கிறான். மூன்று டிஸ்க் எதற்கு வாங்கினேன்? கத்தினேன். டிஸ்க்கில் ஏற்றியதும் அழித்துவிடுவதாகச் சொன்னான்.

8.9.2024

மூன்றிலும் ஏற்றியாச்சு. அக்கா தன் பங்கைப் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்திருக்கிறாள்.

27.9.2024

சின்னசாமி போய்விட்டார். நெஞ்சுவலி. தமிழ்செல்வி போன் செய்தாள். "அப்பா பேசனது ஏதாச்சும் இருக்குமாண்ணா?"

"மூணு காப்பி இருக்கும்மா. கவலப்படாத."

சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சே.

10.10.2024, வியாழன்

நாளை ஆயுத பூஜை. கீழ்பென்னாத்தூர் போய் மூன்றாவது டிஸ்க்கையும் எடுத்து வந்தேன்.

"வேற ஊர்லதான் இருக்கணும்னு நீதான சொன்ன?" என்றாள் அக்கா.

"ஒரு நாள்தானக்கா."

சாமி கும்பிடுகிறவனையெல்லாம் கிண்டல் செய்கிற வாய் இது. ஆனால் பொட்டு வைக்காத டிஸ்க்தான் முதலில் மண்டையைப் போடும் என்று ஒரு பயம்.

11.10.2024

மூணுக்கும் சந்தனம், குங்குமம், பூ. சூடம் காட்டித் திரும்பறேன், முழங்கை பட்டு சொம்புத் தண்ணி மொத்தமும் டிஸ்க் மேல. துடைச்சுட்டு உடனே சொருகிப் பாத்தேன், ஈரத்தோட. ஒண்ணு போச்சு. ரெண்டாவதையும் சொருகினேன். அப்புறம் மூணாவதையும். அறிவு இருக்கா எனக்கு?

15.10.2024

செத்த டிஸ்க்கிலிருந்து வீடியோ மீட்டுத் தரும் சென்னைக் கடையிலும் கை விரித்துவிட்டார்கள், மூன்றுக்கும். தமிழ்செல்வி இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. என்ன சொல்வது? உன் அப்பாவுக்கு நான்தான் தண்ணி ஊற்றினேன் என்றா?

16.10.2024

புகழேந்தி மேஜைமேல் ஒரு கார்டை வைத்தான்.

"திட்டாதீங்கண்ணா. நாலு அழிச்சிட்டேன். இதுல பெருசு நல்லா பேசியிருந்தாரு, அதான்..."

கட்டிப்பிடித்துக்கொண்டேன். பயந்துவிட்டான். அறுபத்து நாலு ஜிபி. தாலி கட்டுவதற்கு முன்பே நிரம்பிவிட்டது. மீதி நாலும் என் கத்தலுக்குப் போனவை.

20.10.2024, ஞாயிறு

தமிழ்செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாலி கட்டுவது இல்லை என்பதையும்.

"தாலி கழுத்துலதாண்ணா இருக்கு. அப்பாவப் போடுங்க."

திரையில் முதலில் தொப்பை வந்தது. "தம்பி, என்னக் கொஞ்சம் ஒல்லியா எடுப்பா."

சிரித்துவிட்டாள். திரும்பப் போடச் சொன்னாள். பதினோரு முறை போட்டேன்.

1.10.2025, புதன்

ஆயுத பூஜை. இங்கே இருக்கும் புது டிஸ்க் இரண்டுக்கும் பொட்டு வைத்தாயிற்று. சொம்பு அடுத்த அறையில். அக்கா போன்: "இங்க இருக்கறதுக்கும் ஒரு பொட்டு வெக்கட்டாடா?"

"பீரோவத் தொறக்காதக்கா. சாமி கோச்சுக்கிட்டா என்கிட்ட வரட்டும்."

புகழேந்தி அழிக்காத கார்டுகள் பதினேழைக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கினான். ஒவ்வொன்றுக்கும் நானே பொட்டு வைத்தேன்.